ராணியைக் காப்பாற்றும் விளையாட்டு

தம்பி,

போன கிழமை நீ கொழும்பிலிருந்து எடுத்துக் கதைத்தபோது, மெல்பேர்னில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதப்போவதாகச் சொன்னாய். வைத்தியசாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இணையவழியில் பயிற்சி கொடுக்க விளையாட்டுகள் செய்கிற நிறுவனம் அது என்றாய். ஏன் வேண்டாம் என்று கேட்டேன். "நான் இப்ப செய்யிற வங்கி மென்பொருளிலை ஒருத்தரும் சாகிறேல்லை அம்மா" என்றாய். நான் சரி என்றேன். நீ சாப்பிட்டீங்களா என்று கேட்டாய், ஓம் என்றேன், வைத்துவிட்டாய். அந்தச் 'சரி' என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் பாதியில் நிற்கிறது. அதைத் தொடங்கினால் நீ எழும்பிப் போய்விடுவாய், அல்லது தொலைபேசியை வைத்துவிடுவாய். எழுத்தை அப்படி வைத்துவிட்டுப் போக முடியாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் படிப்பித்த பழைய பயிலுனர்கள் வெளியிடப்போகும் மலருக்கும் இதைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டுத்தான் செய்கிறேன். அவளுடைய பெயரை மட்டும் கோகிலா என்று மாற்றியிருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கில் எங்கள் பயிற்சிப் பள்ளியை மூடியபோது, மருத்துவமாதுப் பயிலுனர்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று, நிலாவெளி என்று மூலைக்கு மூலை போய்விட்டார்கள். பிரசவம் பார்க்கப் பழக்குவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பொம்மையை மேசையில் வைத்து, பிள்ளையின் கைமேல் என் கையை வைத்து, இங்கே அழுத்து, இப்போது விடு என்று சொல்லுவது. அந்தக் கைகள் எல்லாம் போய்விட்டன. குசினி மேசையில் இருந்துகொண்டு தொலைபேசியைப் பார்த்துப் பாடம் வாசித்தேன். டேட்டா மிச்சம் பிடிக்க எல்லோரும் கமராவை மூடி வைத்திருந்தார்கள். பெயர்கள் மட்டும் சின்னச் சின்னப் பெட்டிகளில் தெரியும். கேட்குதோ பிள்ளையள் என்று கேட்டால், கொஞ்சம் பொறுத்து, 'ஓம் மிஸ்' என்று எழுத்தில் வரும். நீயும் அப்போது கொழும்புக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு பாலையூற்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நீங்கள் வாசிக்கிறீங்கள் அம்மா, அவை நித்திரை கொள்ளினம்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் அவ்வளவு வந்திருக்காது.

பிறகு நீதான் கேட்டாய், பழக்குவதற்கு ஆகக் கஷ்டமானது எது என்று. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு வருகிற குருதிப்பெருக்கு என்றேன். அது அறிவிக்காமல் வரும். என்ன செய்ய வேண்டும் என்று பரீட்சையில் எல்லோரும் எழுதுவார்கள். வைத்தியசாலை வாட்டில் சீலை நனைவதைக் கண்டதும் கை மரத்துப்போகும். முதலில் உதவிக்குக் கூப்பிட வேண்டும், கருப்பையைத் தேய்த்து இறுக வைக்க வேண்டும், மருந்தும் சேலைனும் கொடுக்க வேண்டும், சிறுநீர்ப்பை வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது புத்தகத்தால் வருவதில்லை, நடந்து நடந்து வருவது என்றேன். "அப்ப நடக்க வைப்பம்" என்றாய்.

அந்த நாட்களை நினைக்கச் சந்தோசமாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். இருபது வருசத்துக்கு மேலாக நான் செய்த வேலை என்ன என்று நீ அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாய். எந்தக் கட்டத்தில் தாயின் உதடு வெளுக்கும், அவள் என்ன சொல்லுவாள், மூச்சு எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரையில் ஒரு பெண்ணைச் செய்தாய். ராணி என்று பெயர் வைத்தோம். அவளுக்குக் குரல் வேண்டும் என்று என்னைச் சாய்மனையில் படுக்க வைத்து முனகச் சொல்லிப் பதிவு செய்தாய். மிஸ், எனக்குத் தலை சுத்துது, மிஸ், என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ என்று நான் கத்த, பக்கத்து வீட்டு மேரியக்கா முகக்கவசத்தோடு வேலிக்கு மேலால் ஏறிப் பாய்ந்து வந்தா. அப்பா சிரித்த சிரிப்பில் அந்தப் பதிவைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை பிடித்தோம். பயிலுனர் பிழையாகச் செய்தால் ராணி சாக வேண்டும் என்று நீ நின்றாய். நான் மாட்டேன் என்றேன். "அவ சாக ஏலாதெண்டா அது வெறும் கேள்விக்கொத்து அம்மா. திரையிலை சாகட்டும், வாட்டிலை சாகாமல் இருக்க" என்றாய். ஒத்துக்கொண்டேன். அதில் நீ சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதை நீ கவனமாக வாசிக்க வேண்டும், அதனால்தான் தனியாகச் சொல்லுகிறேன்.

விளையாட்டு பிள்ளைகளிடம் போன பிறகு வகுப்பு உயிர் பெற்றது. வகுப்பில் வாயே திறக்காதவர்கள், மிஸ், ராணிக்கு மருந்து கொடுத்த பிறகும் ஏன் இரத்தம் நிற்கவில்லை என்று எழுதிக் கேட்டார்கள். கிண்ணியாவில் ஒரு பிள்ளை, தங்கச்சிமாரைச் சுற்றி இருத்திக்கொண்டு விளையாடுகிறேன் என்றாள். மேசையைச் சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிழை விட்டால் அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தலை நிமிராது. இங்கே ஆறுதலாகப் பிழை விட்டார்கள், ஏன் பிழை என்று தாங்களே தேடினார்கள். பின்னாளில் மூதூரில் வேலைக்குப் போன ஒருத்தி, உண்மையாகவே ஒரு தாய்க்கு இரத்தம் போனபோது தான் யோசிக்கவே இல்லை, கை தன்பாட்டில் போனது என்று எனக்குச் சொன்னாள். அந்தத் தாய் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். இதையும் நீ ஒரு நாளும் இருந்து கேட்கவில்லை.

யார் எப்படி விளையாடுகிறார்கள் என்று உன் கணினியில் தெரியும். ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். "ஒரு ஆள் எல்லாத்தையும் சரியாச் செய்யிறா, மற்ற எல்லாரையும்விட வேகமா. ஆனா உதவிக்குக் கூப்பிடுறா இல்லை. ஒவ்வொரு தரமும் ராணி சாகிறா." உதவிக்குக் கூப்பிடாமல் ராணி பிழைக்கக்கூடாது என்று விதி வைக்கச் சொன்னது நான். தனியாக நின்று சமாளிக்கப் பார்க்கிற பயிலுனர்தான் வாட்டில் ஆபத்து என்று எனக்குத் தெரியும். யார் என்று பார்த்தேன். கோகிலா. ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. அந்த வகுப்பில் ஆகத் திறமான கை அவளுடையது.

நான் என்ன செய்தேன்? வகுப்புக் குழுவில் எல்லோரும் கேட்கத்தக்கதாக ஒரு குரல் செய்தி போட்டேன். முதலில் உதவிக்குக் கூப்பிட வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று, இன்னும் ஒரு ஆளுக்கு ஏறவில்லை என்றேன். பெயர் சொல்லவில்லை, அதைப் பெரிய மரியாதையாக நினைத்தேன். 'ஓம் மிஸ்' என்று அவள் எழுதினாள். திரும்ப விளையாடினாள். திரும்பவும் ராணி செத்தாள். உதவிக்குக் கூப்பிடுகிற பொத்தான் கண்ணில் படவில்லை போலும் என்று நீ அதைப் பெரிதாக்கி, சிவப்பில் மின்ன வைத்தாய். நல்லது என்றேன். நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் தம்பி, பொத்தானைத் திருத்தினோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய பெயர் வகுப்புப் பெட்டிகளில் வரவில்லை. சிக்னல் பிரச்சினை என்று நினைத்தேன். பள்ளி திரும்பத் திறந்தபோது எல்லோரும் வந்தார்கள், விடுதியில் அவளுடைய கட்டில் மட்டும் வெறுமையாக இருந்தது.

நான் பயிலுனராக இருந்த காலத்தில் என் கண்ணுக்கு முன்னால் ஒரு தாய் போய்விட்டாள். அது என் பிழையால் நடந்ததல்ல, ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் கடுமையான மனுசி, நாங்கள் எல்லோரும் அவவுக்குப் பயம். அவ என்னை உடுப்பு மாற்றச் சொல்லி, சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, பக்கத்தில் இருந்தா. நான் அழுது முடியும் மட்டும் இருந்தா. பிறகு ஒவ்வொரு கட்டமாக இரண்டு பேரும் கதைத்தோம், எது எங்களால் முடிந்தது, எது முடியாதது என்று. அடுத்த நாள் வாட்டுக்கு நான் போனேன் என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தால்தான். உன் விளையாட்டுக்கு வெளுத்த உதட்டைச் சொல்லித் தந்தேன், மூச்சைச் சொல்லித் தந்தேன், இதைச் சொல்லித் தரவில்லை. இதுவும் பாடம் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கோகிலாவைத் தேடி அப்பாவும் நானும் மோட்டார் சைக்கிளில் போனோம். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, வயல் வெளிகளுக்குள்ளால் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அவள் எங்களைக் கண்டதும் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். கோபம் இருந்திருந்தால் லேசாக இருந்திருக்கும். பள்ளிக்கூட வயதில் ஒரு பெண்பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனாள். அக்காவின் மகள் என்றாள் கோகிலா. அக்கா எங்கே என்று கேட்டேன்.

சண்டைக் காலத்தில் வெருகல் பக்கமாக இடம்பெயர்ந்து போகும்போது, ட்ராக்டர் பெட்டியில் வைத்து அக்காவுக்கு அந்தப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை அழுதிருக்கிறது, எல்லோரும் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். பிறகு இரத்தம் நிற்கவில்லை. கோகிலாவுக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தது அவள்தான்.

"கூப்பிட மறந்து விடேல்லை மிஸ்" என்றாள். "அந்தப் பொத்தான் எனக்குத் தெரிஞ்சது. நீங்கள் பெரிசாக்கினதும் தெரிஞ்சது. கூப்பிட்டா ஆள் வரும் எண்ட நினைப்பு எனக்கு வரேல்லை. அண்டைக்கு அம்மா கத்திக் கத்திக் கூப்பிட்டவ. ரோட்டு நிறையச் சனம். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தவை."

அந்தப் பக்கம் சிக்னல் குளக்கட்டில் ஏறினால்தான் கிடைக்கும். பின்னேரங்களில் தொலைபேசியைக் கொண்டுபோய் அந்தக் குளக்கட்டில் இருந்துதான் விளையாடியிருக்கிறாள். சுற்றிவர மாடுகள். திரையில் சீலை சிவக்கும், ராணி கண்ணை மூடுவாள், பிறகு எத்தனை புள்ளி என்று வரும், அதற்குக் கீழே 'மீண்டும் விளையாடுக' என்று வரும்.

"அது உங்கட குரல் மிஸ். முதல் தரமே எனக்குத் தெரிஞ்சது" என்றாள். தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அவளே எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரித் தொடர்ந்தாள். "விளையாட்டு பிழையெண்டு நான் சொல்லேல்லை. அதிலை பழகினது எல்லாம் இப்பவும் கையிலை இருக்கு. வாட்டிலை ராணி செத்திருந்தா பக்கத்திலை நீங்கள் நிண்டிருப்பீங்கள். அதிலை நான் தனிய. அவ்வளவுதான்."

திரும்பி வாரும் பிள்ளை என்று கேட்டேன். நானே பொறுப்பு, ஒவ்வொரு நாளும் உம்மோடு நிற்பேன் என்றேன். "ஏலாது மிஸ்" என்றாள். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னேன். கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். ட்ராக்டர் பெட்டியில் அக்கா செத்த இடத்துக்கு வந்ததும் எழும்பினாய். கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்து, ஒருத்தரிடமும் கேட்காமல் முழுவதையும் அழித்துவிட்டாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னுடைய முகத்தைப் பார்க்க, நீயே ஒரு ஆளைக் கொன்றுவிட்டவன் மாதிரி இருந்தாய். அந்த நேரம் உன் பக்கத்தில் வந்து இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரவுச் சாப்பாட்டுக்கு மாக் குழைக்கப் போனேன். பள்ளியைத் திரும்ப மூடியபோது அடுத்த தொகுதிப் பிள்ளைகள், ராணி எங்கே மிஸ் என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவர்கள் திரும்பவும் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் வாட்டுக்குப் போனார்கள்.

நீ கேட்காமல் எழும்பிப்போன மிச்சம்தான் மேலே எழுதியது. விளையாட்டு பிழையென்று அவள் சொல்லவில்லை. ராணி செத்தது பிழையென்றும் சொல்லவில்லை. நீ பாதிக் கதையை வைத்துக்கொண்டு உனக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டாய். மிச்சத்தைச் சொல்ல நான் உன் பின்னால் திரிந்திருக்க வேண்டும். நீ கதையை மாற்றும்போதெல்லாம், பிள்ளையை நோகடிக்கக் கூடாது என்று நானும் சேர்ந்து மாற்றினேன். இத்தனை வருசம் அப்படிப் போயிற்று. அந்த வருசங்களில் நீ இன்னும் எத்தனை செய்திருப்பாய்.

நீ எடுத்துக் கதைத்த மூன்றாம் நாள் திரும்பவும் ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். கோகிலா இப்போது அங்கே சின்னப் பிள்ளைகளின் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பயிற்சியில் சேர்வதற்கான வயதெல்லை அவளுக்குத் தாண்டிவிட்டது. இனி அவளே விரும்பினாலும் நடக்காது. இதற்கு எந்தப் பரிகாரமும் இல்லை தம்பி, இருப்பது போலச் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். அந்த ஊர்த் தாய்மாருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல ஒரு கை கிடைக்காமல் போய்விட்டது. உனக்கு வந்த வேலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். "அவர் அதை அழிச்சது எனக்குத் தெரியாது மிஸ்" என்றாள். "எனக்காக அழிச்சவரோ? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் செய்யவில்லை. பொத்தானைப் பெரிதாக்கும்போதும் கேட்கவில்லை, அழிக்கும்போதும் கேட்கவில்லை.

ஆனபடியால் வேலையை வேண்டாம் என்று எழுதாதே. போ. போய் இன்னும் நன்றாகச் செய். தூர இடங்களில் தனியாக இருந்து படிக்கிற பிள்ளைகளுக்கு, கையைப் பிடித்துப் பழக்க ஆளில்லாதபோது, இதைவிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. நோயாளிகள் அதில் சாகட்டும். ஆனால் செத்தவுடன் புள்ளி போடாதே. ஒரே பிழையை ஒரு ஆள் திரும்பத் திரும்ப விட்டால், அதை அறியாமை என்று எடுக்காதே, அந்த ஆளுக்கு ஏதோ தெரியும் என்று எடு. எங்கேயிருந்து விளையாடுகிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேள். இவ்வளவும் சொல்ல எனக்குத் தகுதி, இவற்றில் ஒன்றையும் நான் செய்யாமல் விட்டதுதான்.

அந்த நிறுவனத்தாரிடம் ஒன்று கேள். விளையாட்டு முடிந்த கையோடு, அந்தப் பிள்ளையோடு இருந்து கதைக்க ஆள் வைத்திருக்கிறார்களா என்று. புத்தகம் படித்த ஆள் தேவையில்லை, வாட்டில் நின்ற ஆள் வேண்டும். இல்லையென்றால் என் பெயரைக் கொடு. ஓய்வெடுத்து வீட்டில்தான் இருக்கிறேன். தமிழ் கதைக்கிற பிள்ளைகள் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் இருந்து கேட்பேன். கோகிலா எடுக்கமாட்டாள். அவள் எடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. எடுக்கிறவர்களாவது தனியாக இருக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா